முட்டியும் முதல் கையும்

விசேஷ வீட்டுக்குப் போனால் மற்றப் பெண்கள் அடுத்தவள் கழுத்தைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள். எழுபதுகளின் நடுவில், எனக்கு ஐம்பது வயது நெருங்கிய அந்தச் சில வருஷங்களில், நான் அடுத்தவள் முட்டியைத்தான் பார்த்தேன். போடி பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழக் கூடையோடு ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்திருப்பாள். என்னைவிட வயதில் மூத்தவள். பஸ் வந்ததும் ஒரு கையைக்கூடத் தரையில் ஊன்றாமல் விருட்டென்று எழுந்து கூடையைத் தலைக்குத் தூக்கிவிடுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு கிடந்தவளைப் பார்த்து, கை நிறைய வளையல் போட்டிருந்த நான் வயிறெரிந்தேன். அந்த முட்டியை எங்கேடி வாங்கினாய் என்று கேட்டுவிடலாம் போல இருக்கும்.

கால்வலிக்கா இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். என் கால்வலியில் என் சாவிக்கொத்து மாட்டிக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

எங்களுக்குச் சிலமலையில் வயல், குரங்கணிக்கு மேலே மலையில் ஏலத்தோட்டம், குடியிருக்கிற வீடு போடியில். ஏலச்செடியைப் பார்த்திராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செடி ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். ஆனால் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு தரையாகக் கிடக்கும். காய் எடுக்கிறவள் குத்தவைத்தே ஆக வேண்டும். ஒரு தூரை முடித்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே அடுத்த தூருக்கு நகர வேண்டும். பொழுது விடிந்ததிலிருந்து சாய்கிற வரைக்கும் முட்டி மடங்கியே இருக்கும். கல்யாணமாகி வந்ததிலிருந்து நானும் ஆட்களோடு சேர்ந்து அப்படித்தான் உட்கார்ந்தேன். முதலாளி வீட்டு அம்மா என்று குடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற ஆள் இல்லை நான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் முதல் எடுப்பன்று கூலியாள் யாரும் செடியை முதலில் தொடக்கூடாது. தோட்டத்தின் மேல்கோடியில் ஒரு கல்லை நட்டு மலைச்சாமி என்று கும்பிடுவோம். அதை ஒட்டிய தூரில் வீட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, கை நிறையக் காய் எடுத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்கள் கூடையை எடுப்பார்கள். இதற்கு முதல் கை என்று பெயர். முதல் கை வைக்கிறவள் குரங்கணியிலிருந்து சொந்தக் காலில் ஏறி வந்திருக்க வேண்டும். தரையில்தான் உட்கார வேண்டும். அந்த வருஷம் முழுவதும் ஸ்டோர்ச் சாவி அவள் இடுப்பில் இருக்கும். ஸ்டோர் என்றால் பச்சைக் காயை உலர்த்துகிற கட்டடம். கங்காணியிலிருந்து கடைசி ஆள் வரைக்கும் அவளைக் கேட்டுத்தான் செய்வார்கள். என் மாமியார் சாகிறதற்கு முன்னால் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. போடி வீட்டில் நான் சோறாக்குகிறவள். மலையில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

என் கொழுந்தன் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, கம்பம் பக்கத்திலிருந்து வந்தவள். என்னைவிட நன்றாக இளையவள். மலையேற்றத்தில் நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி ஏறுவோம். அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஏறுவாள். பேச்சுக்கு நடுவில் திரும்பி நின்று, “வெரசா வாங்கக்கா” என்று சிரிப்பாள். வந்த புதிதிலேயே, “யக்கா, ஒரு வருசம் நான் முதல் கை வைக்கட்டுமா?” என்று கேட்டவள். சின்னப்பிள்ளை விளையாட்டாகக் கேட்கிறது என்று வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முட்டிக் கதை ஒரு சத்தத்தில் ஆரம்பித்தது. அடுப்படியில் உட்கார்ந்து எழுந்தால் வலது முட்டியில் ‘கடக்’ என்று கேட்கும். வலி இல்லை, வெறும் சத்தம். ஒரு வருஷம் போனதும் வலியும் சேர்ந்துகொண்டது. காலையில் பாயைவிட்டு எழுந்தால் முட்டி இறுகிக் கிடக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தால் இளகிவிடும். பகலெல்லாம் வேலை செய்தால் சாயங்காலம் வீங்கிக்கொள்ளும். படுத்து எழுந்தால் வற்றும். ஏறுவதையாவது பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடுவேன், இறங்குகிறதுதான் கொடுமை. படிக்கட்டில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்கப் பழகினேன். யாராவது பார்த்தால் முந்தானையைச் சரிசெய்கிறவள் மாதிரி நின்றுவிடுவேன்.

இது மலைக்குளிர் ஏறின வாயு என்று நானே முடிவு கட்டினேன். நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தேன். சந்தையில் விற்கிற தைலமெல்லாம் வாங்கித் தேய்த்தேன். வாசம் வெளியே போகக்கூடாதே என்று, தேய்த்த கையோடு கருவாட்டை வறுத்தேன். முடக்கத்தான் ரசத்தை வீட்டுக்கே பொதுவாக வைத்தேன். ஓரகத்தி ருசியாக இருக்கிறது என்று இரண்டு டம்ளர் வாங்கிக் குடித்தாள். முட்டி வலிக்காதவளுக்கு முடக்கத்தான் எதற்கு? என் பங்கையும் சேர்த்துக் குடிக்கிறாளே என்று அதற்கும் எரிச்சல். அவள் கண் பட்டுத்தான் எனக்கு இப்படி ஆனது என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடி வீடெல்லாம் ஏறி எல்லோரும் இருமினார்கள். அவளும் இருமினாள், அது ஒன்றுதான் ஆறுதல்.

வலிக்க வலிக்க நான் குறைத்துக்கொண்டேனா? அதுதான் இல்லை. அவள் ஒரு வரிசை காய் எடுத்தால் நான் இரண்டு வரிசை எடுத்தேன். அவள் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால், நான் அவளுக்குத் தெரிகிற மாதிரி இன்னும் கொஞ்ச நேரம் குத்தவைத்தே இருந்தேன்.

அப்படி இருந்தும் ஒரு வருஷம் முதல் எடுப்பன்று மாட்டிக்கொண்டேன். சாரல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. தூரில் உட்கார்ந்து காய் எடுத்துச் சாமிக்கு வைத்தாகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. முட்டி பூட்டிக்கொண்டது. பின்னால் ஆட்களெல்லாம் கூடையும் கையுமாகக் காத்து நிற்கிறார்கள். என்ன செய்வேன்? கையைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இந்த வருசம் ஆத்தா என்னமோ பெருசா வேண்டுது” என்று கங்காணி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. என் வேண்டுதல் பெரிதெல்லாம் இல்லை, எழுந்து நின்றால் போதும். அப்போது பக்கத்தில் யாரோ விழுந்து கும்பிடுகிற சத்தம் கேட்டது. ஓரகத்திதான். கும்பிட்டு எழுகிற சாக்கில் என் கைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். “எந்திரிங்கக்கா, ஆளுக நிக்கிதுக” என்று காதோடு சொன்னாள். அவள் தோளில் என் முழுப்பாரத்தையும் போட்டுத்தான் எழுந்தேன். பார்த்தவர்களுக்கு ஓரகத்திகள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்திருக்கிறது. “ஓரகத்திகன்னா இப்படில்ல இருக்கணும்” என்று கங்காணி பெண்டாட்டி உருகினாள். எனக்கு அவளை அப்படியே சரிவில் உருட்டிவிடலாம் போல இருந்தது. என் முட்டிச் சங்கதி இவளுக்குத் தெரிந்துபோயிற்று, இனிமேல் சாவிக்கு வந்துவிடுவாள் என்று மனசு அடித்துக்கொண்டது.

அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். ஏலத்தோட்டக்காரியைத் தவிர வேறு யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

ஸ்டோருக்கு வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு பெரிய குழாய் வழியாக உள்ளறைக்குள் ஓடும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகப் பச்சைக் காயைப் பரப்பிக் கதவைச் சாத்திவிடுவோம். காயில் இருக்கிற தண்ணியெல்லாம் வற்றி, பச்சை நிறம் மட்டும் மாறாமல் வெளியே வரும். ஒருநாள் அந்தக் காயைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இத்தனை மூட்டைக் காயை வற்றவைக்கிற சூடு, என் முட்டிக்குள் கோத்துக்கொண்டிருக்கிற நீரை வற்றவைக்காதா?

எடுப்புக் காலத்தில் மலையிலேயேதான் தங்குவோம், சாவிதான் என் இடுப்பில் இருக்கிறதே. விடியற்காலையில் அடுப்பைப் பார்க்கிற ஸ்டோர்க்காரர் கட்டங்காப்பி குடிக்கப் போகிற நேரம் பார்த்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாய் ஓரமாகக் காலை நீட்டி உட்கார்ந்தேன். அடேயப்பா, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! ஏல வாசனையும் சூடும் சேர்ந்து எலும்புக்குள் இறங்கியது. வேர்த்து ஒழுகி வெளியே வந்தபோது குமரி மாதிரி நடந்தேன். வெயில் ஏறுவதற்குள் வலி பழையபடி திரும்பி வந்துவிட்டது. அதனால் என்ன, மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். இன்னும் கொஞ்சம் சூடு காட்டினால் மிச்ச நீரும் வற்றிவிடும் என்று நம்பினேன்.

காய் உலர்கிற சமயத்தில் கதவைத் திறந்து திறந்து மூடினால் சூடு ஏறி இறங்கும், வெளிச்சமும் படும். அப்புறம் பச்சை நிற்காது. இது எனக்குத் தெரியாததா? ஆட்களுக்கே நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இருந்தாலும் ஒரு ஆள் போய்வருகிற அளவுக்குத் திறந்தால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். தட்டை இறக்கினபோது காய் வைக்கோல் நிறத்தில் வெளுத்துப்போய் வந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு கை அள்ளிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “என்னய்யா காய் இது? இதைக் கொண்டுபோய் போடியில எவன் மூஞ்சியில காட்ட? அடுப்பைப் பாக்காம தூங்குனியா?” என்று ஸ்டோர்க்காரரைப் பிடித்துக்கொண்டார். “நான் கண்ணே அசரலைங்க மொதலாளி” என்று அந்த மனுஷன் சாமிக்கல் இருக்கிற திசையைப் பார்த்துச் சத்தியம் பண்ணினார். ஆட்களெல்லாம் கூடிவிட்டார்கள். நான் இடுப்புச் சாவியை முந்தானையால் மூடிக்கொண்டேன். அப்போது ஓரகத்தி முன்னால் வந்தாள்.

“அவரை ஏன் மாமா வையிறீங்க? அக்காவுக்கு முட்டி போச்சு. சூட்டுக்காக உள்ள போயி உக்கார்றாங்க. நான் பாத்தேன்.”

முட்டி போச்சு. அத்தனை பேர் முன்னால், அத்தனை சாதாரணமாக, அடுப்பு அணைந்துபோச்சு என்கிற மாதிரி சொன்னாள். ஒரு ஏழையின் பிழைப்பைக் காப்பாற்றத்தான் சொன்னாள் என்று பிற்பாடு எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். எனக்கு அன்றைக்குக் கேட்டதெல்லாம் சாவி கைமாறுகிற சத்தம்தான்.

“இத்தனை நாளா ஏன் சொல்லலை?” என்று கேட்டார் வீட்டுக்காரர்.

“சொன்னா சாவியைக் குடுன்னு கேப்பீங்க.”

அவர் மறுக்கவில்லை. “அடுத்த வருசத்துல இருந்து சின்னவ முதல் கை வைக்கட்டும். நீ மொதல்ல காலைப் பாரு” என்று மட்டும் சொன்னார். நான் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து, வெளுத்த காய்த் தட்டின் மேல் வைத்தேன். அவள் கையில் கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு வந்தேன்.

அவளோடேயே மதுரைக்கு ரயிலேற வேண்டி வந்ததுதான் அநியாயம். ஆம்பிளைகள் இரண்டு பேருக்கும் ஏலக்காய்ச் சோலி. நான் ரயில் படியில் ஏறவே கம்பியோடு மல்லுக்கட்டினேன். அவள் சீட்டில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து கடலை உரித்தாள். நான் காலை நீட்டிக்கொண்டு அவள் முட்டியைப் பார்த்தபடியே போடியிலிருந்து மதுரை வரைக்கும் போனேன். கடலையைக் கொடுத்தாள், வேண்டாம் என்றேன்.

டாக்டர் நடுவயசுக்காரர். அவர் கேள்வி கேட்டது என்னிடம், பதில் சொன்னது எல்லாம் அவள்.

“காலையில எந்திரிச்சா இறுக்கம் எவ்வளவு நேரம் இருக்கு?”

“சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நிப்பாங்க டாக்டர். வாசல் தெளிக்கிறதுக்குள்ள சரியாயிரும்.”

“காய்ச்சல் வருதா? கைவிரல் வீங்குதா?”

“அதெல்லாம் இல்ல. முட்டிதான். அதும் வலது முட்டி. இறங்குறப்ப பக்கவாட்டுலதான் இறங்குவாங்க. தலகாணியை முட்டிக்கு அடியில குடுத்துத்தான் தூங்குவாங்க.”

நான் வாயைப் பிளந்துகொண்டு அவளைப் பார்த்தேன். நான் முந்தானையைச் சரிசெய்ததெல்லாம் வீண். இத்தனை வருஷமாக நான் அவள் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி, அவளும் என் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் முட்டியில் கையை வைத்து மடக்கி நீட்டினார். படம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது தேஞ்சுபோச்சு. வயசு, உடம்பு எடை, இத்தனை வருசமா நீங்க குத்தவச்ச வேலை, எல்லாம் சேந்து தேஞ்சிருக்கு. இதுக்குப் பேரு தேய்மானம்.”

தேய்மானமா! வண்டி அச்சுக்குச் சொல்கிற வார்த்தையை எனக்குச் சொல்கிறாரே என்று சுருக்கென்றது. “குளிர்ல வந்த வாயு இல்லையா?” என்றேன்.

“குளிர்ல வலி கூடத் தெரியும். குளிரால வந்ததில்ல.”

கண் பட்டு வந்திருக்குமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கண் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் கேட்கவில்லை.

தேய்ந்தது திரும்ப வளராது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார் டாக்டர். குத்தவைக்காதே, சம்மணம் போடாதே, நாற்காலியில் உட்கார். கக்கூஸில் உட்காரவும் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்று தச்சரிடம் சொல்லிச் செய்துகொள். தலையணையை முட்டிக்கு அடியில் வைக்காதே, முட்டி மடங்கியே பழகிவிடும். உடம்பைக் கொஞ்சம் குறை. வலிக்கிறதே என்று ஒரேயடியாகப் படுத்துவிடாதே, சமதரையில் தினம் நட. வலி தாங்காத அன்றைக்கு மட்டும் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடு. எல்லாவற்றையும்விட முக்கியம் தொடைச்சதை என்றார். அது பலமாக இருந்தால் முட்டி தாங்கும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடி, மெதுவாக இறக்கு. பழகினபின் கணுக்காலில் மணல்பை கட்டிக்கொண்டு தூக்கு.

கிளம்புகிறபோது, நான் ஊரிலிருந்து ஊன்றிக்கொண்டு வந்த கைத்தடியைப் பார்த்தார். நான் அதை வலது கையில் பிடித்திருந்தேன். “வலிக்கிற பக்கம் பிடிக்காதீங்கம்மா. வலது கால் வலிச்சா இடது கையில பிடிக்கணும். படி ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல.” எனக்கு அது கடைசிவரை குழப்பம்தான். மாசக்கணக்கில் தடி என் அனுமதியில்லாமல் வலது கைக்கே வந்துவிடும்.

அடுத்த வருஷம் முதல் எடுப்புக்கு அவள் கிளம்பினாள். விடிகிறதற்கு முன்னால் மஞ்சள் தேய்த்துக் குளித்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலில் நின்று, “போயிட்டு வர்றேன்க்கா” என்றாள். நான் மேஜையில் போன வருஷக் காயைத் தரம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பெண்களெல்லாம் தரையில் முறத்தை வைத்துப் பொறுக்குகிறபோது, நான் மட்டும் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி நாற்காலியில். “ம்” என்றேன். அவள் தெருமுனை திரும்புகிறவரை அந்த நடையைப் பார்த்தேன். ஒரு எட்டிலாவது இடறவேண்டுமே, இல்லை. தூரில் எப்படி உட்கார்ந்திருப்பாள், எப்படி எழுந்திருப்பாள், கங்காணி என்ன சொல்லியிருப்பான் என்று பகலெல்லாம் நினைத்து நினைத்து வெந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் முதல்முறையாகக் காலை ஒழுங்காகத் தூக்கினேன். அதுவரைக்கும் கடமைக்குத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். பழைய துணியில் மணல்பை இரண்டு தைத்து வைத்திருந்தவளும் அவள்தான். தையல் கோணல் என்று சொல்லி ஓரமாகப் போட்டிருந்தேன். அதை எடுத்து ஒன்றைக் கணுக்காலில் கட்டினேன். ஒவ்வொரு தூக்கலுக்கும் அவளுக்கு ஒரு வசவு. ‘சிறுக்கி’ என்று தூக்குவேன், ‘என் சாவியைக் கொண்டா’ என்று இறக்குவேன். டாக்டர் சொன்ன வைத்தியத்தை யோக்கியமாகச் செய்தவர்கள் எத்தனை பேரோ தெரியாது. நான் செய்தேன், வயிற்றெரிச்சலில் செய்தேன். இட்லியைக் குறைத்தேன். காலையில் சிலமலைக்குப் பஸ் ஏறிப் போய்க் கண்மாய்க்கரைச் சமதரையில் நடந்தேன். முட்டி ஒன்றும் பழையபடி ஆகவில்லை. சத்தம் அப்படியே இருந்தது, குத்தவைக்க முடியாதது முடியாததுதான். ஆனால் வீக்கம் குறைந்தது. சுவர் இல்லாமல் எழுந்தேன். படியில் நேராக இறங்கினேன்.

இப்படியே சில வருஷம் போயிற்று. வருஷாவருஷம் அவள் முதல் கை வைத்தாள், வருஷாவருஷம் நான் நாற்காலியில் வெந்தேன். எண்பதுகள் பிறந்தபோது எனக்குத் தொடை இறுகியிருந்தது, தைரியமும் வந்திருந்தது. இந்த வருஷம் நான் ஏறப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

“குரங்கணிக்கு மேலயும் கொஞ்சத் தூரம் ஜீப்பு போகுது மதினி. அதுல வாங்க, மிச்சத்தைப் பைய நடக்கலாம்” என்றார் கொழுந்தன்.

“ஜீப்புல வந்தா விருந்தாளி. நடந்து வந்தாத்தான் முதல் கை” என்றேன்.

எல்லோரும் ஓரகத்தியைப் பார்த்தார்கள். வருஷக்கணக்கில் இந்தச் சண்டைக்காகப் பேச்சுச் சேர்த்து வைத்திருந்தேன். என் மாமியார் என்ன சொன்னாள், எத்தனை மழையில் உட்கார்ந்தேன், எல்லாம் நாக்கில் வரிசையாக நின்றது. அவள் சாவியை அவிழ்த்து என் பக்கம் நீட்டினாள். “இந்த வருசம் நீங்களே வைங்கக்கா” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சின்ன முகக்கோணல்கூட இல்லை. எனக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிச்சை போடுகிறாளா? நான் பிடுங்கவேண்டியதை இவள் கொடுத்து, அதிலும் நல்ல பேர் வாங்கிக்கொள்கிறாளே என்று அன்றைக்கும் பொறாமைதான்.

குரங்கணியிலிருந்து இருட்டுப் பிரியும்போது ஏற ஆரம்பித்தேன். இடது கையில் தடி, நல்ல கால் முதலில். கொஞ்சம் ஏறுவேன், பாறையில் உட்கார்வேன். ஆட்களெல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். அவள் மட்டும் தாண்டவில்லை. பின்னாலேயே பேசாமல் வந்தாள். நான் விழுந்தால் பிடிப்பதற்காம். ஊர்க்கதை பேசிக்கொண்டு ஏறுகிறவள், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்தேன். அந்தக் கோபத்திலேயே பாதி மலை ஏறினேன்.

சாமிக்கல் பக்கத்துத் தூருக்கு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. கங்காணி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டான். ஆட்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. “தரையிலல்ல உக்காரணும்?” என்று ஒருத்தி வாய்விட்டே கேட்டாள். முக்காலியில் உட்கார்ந்து குனிந்து பார்த்தேன். என் கைக்கும் சரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி கிடந்தது. முட்டி அதற்கு மேல் மடங்க மாட்டேன் என்றது. இத்தனை தூரம் ஏறி வந்தும் ஒரு முழத்தில் தோற்கப்போகிறேன் என்று கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

ஓரகத்தி தூருக்கு அந்தப் பக்கம் வந்து குத்தவைத்தாள். தரையில் கிடந்த சரத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மெதுவாக என் கைக்குத் தூக்கிப் பிடித்தாள். “தரைக்கு நான் உக்காந்துட்டேன். காயை அக்கா எடுக்கட்டும். நடந்து வந்தது அவங்கதான?” என்று ஆட்களைப் பார்த்துச் சொன்னாள். நான் கை நிறையக் காய் எடுத்துச் சாமி முன்னால் வைத்தேன். என் முதல் கை எனக்கே திரும்பி வந்துவிட்டது. ஆட்கள் கூடையை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனார்கள்.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அப்புறம் பக்கவாட்டில் திரும்பி, என் முக்காலியின் விளிம்பைப் பிடித்தாள். அப்போது கேட்டது, ‘கடக்’.

அந்தச் சத்தம் எனக்கா தெரியாது? பொய் சொல்ல மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டிலும் ரயிலிலும் தெருமுனையிலும் நான் காத்திருந்த சத்தம் அது. அவள் எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்தாள்.

“அடியே, எத்தனை நாளா?” என்றேன்.

“ரெண்டு வருசம் இருக்கும்.”

“பைய எந்திரிச்சது, சாவியைக் குடுத்தது, இன்னைக்குப் பேசாம ஏறுனது, எல்லாம் இதுக்குத்தானா?”

தலையை ஆட்டினாள்.

“என்கிட்டயாவது சொல்றதுக்கு என்ன?”

அவள் சாமிக்கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “சொன்னா நீங்க சந்தோசப்படுவீங்கன்னுதான்க்கா சொல்லலை.”

அவள் சொல்வதற்குள் நான் சந்தோஷப்பட்டு முடித்துவிட்டேனே. கீழே ஸ்டோர் வரைக்கும் இறக்கம். இறக்கத்தில் அந்த முட்டி என்ன பாடு படுத்தும் என்று அந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

“எந்தக் காலு?” என்றேன்.

“இடது.”

தடியை நீட்டினேன். “வலது கையில பிடி. வலிக்கிற கால் முதல்ல எறங்கட்டும். வீட்டுக்குப் போனதும் மணல்பை ஒண்ணு உனக்கு.”

“உங்களுக்குத் தடி?”

“உன் தோள் இருக்குல்ல, நட.”

அவள் தடியை வாங்கி இறங்க ஆரம்பித்தாள். எனக்கு மாசக்கணக்கில் படியாத பிடி அது. வலது கையில் தடி, இடது கால் முதலில், அடுத்து வலது கால், ஒரு எட்டுக்கூடத் தப்பவில்லை. முதல் தடவையே சரியாக வந்துவிட்டது அவளுக்கு. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கிய எனக்கு வயிறு எரிந்தது.